கரைச்சேற்றில் செம்பு

மீமிசலில் பேருந்தை விட்டு இறங்கியதும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "பெட்டியில என்னங்க, எறாலா?" என்பது. கேட்டவர் ஆட்டோக்காரர். காலி ஐஸ்பெட்டி, கடலடியிலிருந்து சேறு எடுத்து இதில் வைக்கப் போகிறோம் என்றேன். பெட்டியை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தார். "சேத்துக்கு எதுக்குங்க ஐஸு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தார்.

எனக்கு மஸ்கட்டில் வேலை. துறைமுகங்களின் அடிமண்ணைச் சோதித்துச் சொல்லும் ஓர் ஆய்வுக்கூடத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். கடல்தண்ணீர் இன்றைக்கு ஒன்று காட்டும், நாளைக்கு வேறொன்று காட்டும். அடிச்சேறு அப்படியில்லை. மேலே விழுந்த எண்ணெய், உலோகம், மருந்து எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போய்ப் படிந்துவிடும். எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். கடலைப் பார்க்காமல் வளர்ந்த ஒருவனுக்குக் கடலின் அடிமண் சோறு போடுகிறது என்று வீட்டில் இன்றும் சிரிப்பார்கள்.

விடுமுறையில் வந்தவனை இங்கே இழுத்தவள் பிலோமினா. கல்லூரியில் என்னோடு வேதியியல் படித்தவள். ஆவூர்க்காரி. இப்போது புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆசிரியை. அவள் தொலைபேசியில் சொன்ன விஷயம் இதுதான். இந்தப் பக்கத்துக் கடல், கடல்பசுக்களுக்காகப் பாதுகாக்கப்பட்ட பகுதி. கரையோரத்தில் ஒரு இறால் பண்ணை. அதன் கழிவுநீர் வாய்க்கால் கடலில் வந்து விழுகிறது. அதனால் மீன்பாடு போய்விட்டது, கடல்புல் செத்துவிட்டது என்று மீனவர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரிகள் அறந்தாங்கியில் ஒரு கூட்டம் போடுகிறார்கள். சேற்றைச் சோதித்த முடிவு ஒன்று வேண்டும். கல்லூரியில் கருவி இருக்கிறது, ஓட்ட ஆளில்லை.

"லீவுல ஒரு வாரத்த எனக்குக் கொடு ரவி" என்றாள். அம்மாவிடம் கேட்டேன். "அங்கயும் சேறுதானா?" என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் போன மீனவர் குடியிருப்பு மீமிசலுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. பெயரை விட்டுவிடுகிறேன், அவர்கள் கேட்டுக்கொண்டது. எங்களை எதிர்கொண்டவர் காத்தமுத்து. ஐம்பது வயதிருக்கும். சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறார். எஞ்சின் பொருத்திய நீளமான மரப்படகைத்தான் இங்கே வள்ளம் என்கிறார்கள். புகாரில் முதல் கையெழுத்து அவருடையது.

"வாங்க சார், வாங்க டீச்சர். மொதல்ல சாப்புடுங்க. சேறு எங்கிட்டும் ஓடிராது."

ஓரா மீன் குழம்பு. ஓரா கடல்புல் மேய்கிற மீன். மஸ்கட்டில் வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் மரியாதையை யாரும் ஓராவுக்குக் கொடுப்பதில்லை. இங்கே அது கதாநாயகன். முள் அதிகம், ருசியும் அதிகம். நான் முள்ளோடு போராடுவதைக் காத்தமுத்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து முள்ளை நீக்கிவிட்டுத் திரும்ப வைத்தார். இதைச் செய்யும்போது பண்ணையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் ஓரா வலை கொள்ளாது என்றார்.

மறுநாள் காலை கடலுக்குப் போனோம். வனத்துறை அனுமதியைப் பிலோமினா வாங்கி வைத்திருந்தாள். இந்தக் கடல் எனக்குப் புதிது. ஓமானில் கரையை விட்டு நகர்ந்தால் ஆழம் விழுந்துவிடும். இங்கே கரை மறைகிற தூரம் போயும் தண்ணீர் ஆள் உயரத்துக்கு இருந்தால் அதிகம். அலையும் இல்லை. குளத்தில் போவதுபோல் இருந்தது. கீழே கடல்புல் வெளி தெரிந்தது. கரும்பச்சையாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

நாங்கள் வைத்திருந்த கருவி எளிமையானது. கயிற்றில் கட்டிய இரண்டு இரும்புத் தாடைகள். அடியில் பட்டதும் தாடைகள் மூடிக்கொண்டு ஒரு வாய்ச் சேற்றை அள்ளிவரும். இரும்பில் படாத நடுச்சேற்றை மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்துப் புட்டியில் போட்டு ஐஸில் வைக்க வேண்டும். வாய்க்கால் விழுகிற இடத்தில் எடுத்தோம். அங்கிருந்து விலகிப் போகப் போக அங்கங்கே எடுத்தோம். புல்வெளியின் நடுவிலும் எடுத்தோம். வாய்க்காலுக்கு எதிரே வந்த சேறு கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு இருந்தது.

"மோந்து பாத்தாலே தெரியலயா சார்? இதுக்கு எதுக்கு மிசினு?" என்றார் காத்தமுத்து.

வாடை வேறு, உலோகம் வேறு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

திரும்பும் வழியில் எஞ்சின் விசிறியில் யாரோ போட்டுவிட்டுப் போன வலை சுற்றிக்கொண்டது. அதை அறுத்து எடுப்பதற்குள் நீர் வற்றி, வள்ளம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இனி நீர் ஏறும்வரை நகராது. கரை கண்ணுக்கு எதிரே இருந்தது. பிலோமினா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நான் ஐஸ்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் இறங்கினேன். காத்தமுத்து நங்கூரத்தைப் போட்டுவிட்டு எங்களோடு வந்தார். முழங்கால்வரை புதைந்தது. ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு நாங்கள் கரை சேர்வதற்குள் எங்களிடம் வந்து சேர்ந்தது. சேற்றைத் தேடி வந்தவர்களுக்குச் சேறு கிடைத்துவிட்டது என்று ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்.

கரையேறியபோது வள்ளங்கள் நிற்கும் துறையில் ஒரு வள்ளத்தைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் அதன் அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சிப்பியும் பழைய சிவப்புப் பெயின்ட்டும் செதில் செதிலாக உதிர்ந்து, வற்றிக்கொண்டிருந்த தண்ணீரில் விழுந்தன. வள்ளத்தின் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்க அடிக்கும் பெயின்ட் அது. செம்பு கலந்தது. உலகம் முழுக்க அடிக்கிறார்கள். எனக்குத் துறைமுகத்தில் வேலை செய்த பழக்கம். படகு நிற்கிற இடம் என்றால் கை தானாகப் புட்டியைத் தேடும். அந்த இடத்திலும் சேறு எடுத்தேன்.

"இங்கிட்டு எதுக்கு சார்? இது நம்ம எடந்தான" என்றார் காத்தமுத்து.

"ஒப்பிட்டுப் பார்க்க."

அவர் தலையாட்டினார். சுரண்டிக்கொண்டிருந்தவள் அவருடைய தங்கை அஞ்சலை என்று சொன்னார். கணவர் இறந்தபிறகு துறையிலுள்ள எல்லா வள்ளங்களுக்கும் சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் அவள்தானாம். அஞ்சலை நிமிர்ந்து பார்த்து, "காலக் கழுவிட்டு வீட்டுக்குப் போங்க. டீ போட்டு வச்சிருக்கு" என்றாள். முகமெல்லாம் சிவப்புத் தூள்.

அடுத்த நாள் டீக்கடையில் பண்ணையில் வேலை செய்யும் இரண்டு ஒடிசாக்காரர்கள் பக்கத்து மேசையில் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். மஸ்கட் புண்ணியத்தில் எனக்கு இந்தி புரியும். "இந்த ஊரில் எல்லாவற்றிலும் புளி போடுகிறார்கள்" என்றான் ஒருவன். "டீயில் மட்டும்தான் இன்னும் போடவில்லை" என்றான் மற்றவன். பிறகு, நீலப் பொடி மூட்டை நாளைக்கும் வருகிறது, குளத்தில் பாசி அடங்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். நீலப் பொடி என்றால் மயில்துத்தம். அதிலும் இருப்பது செம்புதான். பிலோமினாவிடம் சொன்னேன். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பண்ணை மாட்டிக்கொண்டது என்று இருவருமே நினைத்தோம்.

புதுக்கோட்டையில் கல்லூரி விடுமுறை. ஆய்வுக்கூடத்தில் கருவி பழைய பெட்ஷீட் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்புவதற்கே ஒரு பகல் போயிற்று. சேற்றை உலர்த்தினால் வரும் வாடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காவலாளி வந்து, "டீச்சர், எலி ஏதும் செத்துக் கெடக்கா?" என்று கேட்டுவிட்டு மேல்மாடி முழுக்கத் தேடினார். உலர்ந்ததைப் பொடியாக்கி, அமிலத்தில் காய்ச்சி, வடிகட்டி, கருவியின் சுடரில் தெளித்து அளக்க வேண்டும். மஸ்கட்டில் இதற்கெல்லாம் ஆட்கள் உண்டு. இங்கே வடிகட்டியதும் பிலோமினா, பாத்திரம் கழுவியதும் பிலோமினா. மதியம் வெளியே போய்ப் புரோட்டா வாங்கிவந்ததும் அவள்தான். சால்னா நன்றாக இருந்தது. அமில வாடைக்கு நடுவே நன்றாக இருந்தது என்றால் உண்மையிலேயே நன்றாக இருந்திருக்க வேண்டும்.

முடிவு வந்தது. வாய்க்கால் வாயில் செம்பு இருக்கத்தான் செய்தது. இருக்க வேண்டியதை விட அதிகமாகவே இருந்தது. விலகிப் போகப் போகக் குறைந்தது. புல்வெளியின் நடுவில் கவலைப்படும்படி ஒன்றுமில்லை. ஆனால் எல்லாவற்றையும் விட அதிகமாக இருந்த புட்டி, வள்ளத் துறையில் நான் எடுத்தது. வாய்க்கால் வாயைப் போலப் பல மடங்கு.

"திரும்பப் போடு" என்றாள் பிலோமினா.

போட்டேன். அதேதான். அதே புட்டியிலிருந்து புதிதாகச் சேறு எடுத்துக் காய்ச்சிப் போட்டேன். அதேதான்.

அவள் ஜன்னலோரம் போய் நின்றாள். "பண்ணைக்காரனுக்கு இத விட நல்ல செய்தி யாரும் சொல்ல முடியாது" என்றாள். பிறகு, "கூட்டத்துக்கு முன்னாடி அவங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லணும்" என்றாள்.

சொல்வதற்குப் போனோம். ஏலக் கொட்டகையில் ஆண்கள் கூடியிருந்தார்கள். பெண்கள் சிலர் வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிலோமினா சுற்றி வளைக்காமல் சொன்னாள். பண்ணை வாய்க்காலில் செம்பு இருக்கிறது என்றபோது ஒரு சத்தம் எழுந்தது. துறையில் அதைவிட அதிகம், அது வள்ளத்துப் பெயின்ட்டிலிருந்து வருகிறது என்றதும் அந்தச் சத்தம் நின்றுபோனது.

காத்தமுத்துதான் முதலில் பேசினார். "டீச்சர், நாங்க கூப்புட்டுத்தான நீங்க வந்தீங்க?"

"ஆமாண்ணே."

"எங்க வள்ளத்துல ஏறி, எங்க வீட்டுல சாப்புட்டு, எங்க மேலயே சொல்றீங்க."

"உங்க மேல சொல்லல. மண்ணுல இருக்கறதச் சொல்றேன்."

பின்னாலிருந்து ஒருவர், "அந்த ஒரு டப்பாவ மட்டும் விட்ருங்க டீச்சர். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். பலர் ஆமோதித்தார்கள். குறும்பாகச் சொன்னதல்ல. கெஞ்சலாகவே கேட்டார்கள்.

"அத விட்டா எல்லாத்தையும் விட்ரணும்ணே" என்றாள் பிலோமினா. "அரசாங்கம் நாளைக்கு இதே எடத்துல வந்து மண்ணு எடுத்தா? வாய்க்கால்ல நான் சொன்னதும் பொய்யின்னு ஆயிரும்."

யாரோ என்னைக் காட்டி, வெளிநாட்டுக்காரனைக் கூட்டிவந்ததால் வந்த வினை என்றார்கள். நான் கோயம்புத்தூர்க்காரன் என்று சொல்ல அது சரியான நேரமாகத் தோன்றவில்லை.

அப்போது தூணருகே இருந்து அஞ்சலை கேட்டாள். "டீச்சர், எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அந்தத் தூளு சேத்துல விழுந்து கடல்பசுவுக்கு ஆகாது, மீனுக்கு ஆகாதுங்கிறீங்க. தெனமும் எம்மேல விழுவுதே, எனக்கு ஆவுமா?"

கடல்பசுவைப் பற்றியும் மீன்பாட்டைப் பற்றியும் பண்ணையைப் பற்றியும் அத்தனை நாள் பேசியிருந்தோம். அஞ்சலையின் உள்ளங்கை வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பு ஏறியிருந்தது. இருமல் வேறு இருந்தது. அது எதனால் என்று என்னால் சொல்ல முடியாது.

"ஆகாது அஞ்சலை" என்றாள் பிலோமினா.

என்னைப் பார்த்தாள் அஞ்சலை. மஸ்கட்டில் இந்த வேலை செய்பவர்கள் மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி போட்டிருப்பார்கள், முழங்கைவரை கையுறை உண்டு, தூள் ஒன்றும் தண்ணீரில் விழாதபடி தரையில் தார்ப்பாய் விரித்து, அள்ளித் தனியாகக் கொண்டுபோவார்கள் என்று சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "அங்கிட்டு உள்ளவுகளுக்கும் ஒடம்பு இதே ஒடம்புதான" என்று மட்டும் சொன்னாள்.

முடிவு எதுவும் எடுக்காமல் கூட்டம் கலைந்தது. பையை நானே தூக்கிக்கொண்டு பிலோமினாவோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். யாரும் டீ குடிக்கச் சொல்லவில்லை.

அறந்தாங்கிக் கூட்டத்தன்று அவர்கள் வருவார்களா என்பது எங்களுக்குத் தெரியாது. வராவிட்டால் பிலோமினாவின் அறிக்கையை வைத்துப் பண்ணைத் தரப்பு ஜெயித்துவிடும். நாங்கள் போய் உட்கார்ந்தபோது மீனவர்களுக்கான நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பண்ணைத் தரப்பு வக்கீல் மிகவும் மரியாதையாக எனக்கு வணக்கம் வைத்தார். அந்த வணக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு மீன்வண்டி வந்து நின்றது. காத்தமுத்து முன்னால் வந்தார். வேட்டி சட்டையில் இருந்தார். அஞ்சலையும் வந்திருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு, நேராகப் போய்க் காலி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

பிலோமினா எல்லாப் புட்டிகளின் முடிவையும் படித்தாள். வக்கீல் உடனே எழுந்தார். "இவர்கள் அழைத்துவந்த ஆசிரியையே சொல்கிறார். அதிக மாசு படகுத் துறையில்தான். எங்கள் பண்ணையைக் குறைசொல்ல இவர்களுக்கு என்ன இருக்கிறது?"

அதிகாரி காத்தமுத்துவைப் பார்த்தார். காத்தமுத்து எழுந்து, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமாங்கய்யா. எங்க பெயின்ட்டுதான்" என்றார். "தெரியாம தண்ணியில விட்டோம். இனிமே மேட்டுல ஏத்தி வச்சுச் சொரண்டுறோம், தூள அள்ளிர்றோம். எங்கள நாங்க நிறுத்திக்கிறோம்." பிறகு வக்கீல் பக்கம் திரும்பினார். "ஒங்க வாய்க்கால நீங்க எப்பங்க நிறுத்துவீங்க?"

வக்கீல் தாள்களைப் புரட்டினார். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, அதே கேள்வியைத் தாமும் கேட்டார். பதில் வர நேரமாயிற்று. வந்தபோது தெளிவாக இல்லை. அரசுத் தரப்பில் மறுபடி மண் எடுத்துச் சோதிப்பது, அதுவரை பண்ணையிலிருந்து கடலுக்குள் தண்ணீர் விடக்கூடாது என்று முடிவாயிற்று. வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அதைவிடக் குறைவானதற்குத்தான் நாங்கள் தயாராகப் போயிருந்தோம்.

வெளியே வந்ததும் காத்தமுத்து என் தோளில் கை வைத்தார். "வாங்க சார், சாப்புடுவோம்." பக்கத்திலிருந்த கடையில் இலை போட்டுச் சாப்பிட்டோம். கணவாய்த் தொக்கில் எண்ணெய் அதிகம். அவர்கள் வீட்டுச் சமையலுக்குப் பக்கத்தில் நிற்காது. அதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

சாப்பாட்டுக்கு நடுவில் அஞ்சலை அண்ணனிடம் சொன்னாள், குரலை உயர்த்தாமல். "அய்யாகிட்ட எல்லாம் சொன்ன. எனக்கு ஒண்ணும் சொல்லல."

"என்னத்தா சொல்லணும்?"

"இந்த சார் சொன்ன மாதிரி கையுறை, மூஞ்சிக்குப் போடுறது, தார்ப்பாய் எல்லாம் வந்தாத்தான் நான் தொடுவேன். அதுவரைக்கும் ஒங்க வள்ளத்துல சிப்பி ஒட்டுனா ஒட்டட்டும்."

"சீசன் நேரத்துல இப்புடிச் சொன்னா எப்புடி?"

அவள் மோர் ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினாள்.

நான் கோயம்புத்தூர் போய், அம்மாவிடம் மிச்சமிருந்த விடுமுறையைக் கொடுத்துவிட்டு, மஸ்கட் திரும்பினேன். அங்கே வழக்கமான துறைமுகச் சேறு காத்திருந்தது. சில வாரங்கள் கழித்துப் பிலோமினா பேசினாள். அரசு ஆட்கள் வந்து மண் எடுத்துப் போயிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. வாய்க்கால் அடைத்தபடி இருக்கிறது. அஞ்சலை சொன்னபடியே வேலைக்குப் போகவில்லை. நண்டு உடைத்துச் சதை எடுக்கும் இடத்துக்குக் கூலிக்குப் போகிறாள். வள்ளங்களில் சிப்பி ஏறி வேகம் குறைந்துவிட்டது; ஆண்கள் முணுமுணுக்கிறார்கள்.

"காத்தமுத்து அண்ணன் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

பிலோமினா சிரித்தாள். அவர் தன் வள்ளத்தை மேட்டில் ஏற்றிப் போட்டு, இது என்ன பெரிய வேலை என்று தானே அடியில் படுத்துச் சுரண்டத் தொடங்கினாராம். பாதி வள்ளம் முடிவதற்குள் எழுந்து வந்து, கண்ணைக் கழுவி, நெடுநேரம் இருமினாராம். அஞ்சலை வீட்டுப் பக்கம் போய் வாசலில் கொஞ்சம் நின்றாராம். உள்ளே போகவில்லையாம். அப்படியே திரும்பி, மேலெல்லாம் சிவப்புத் தூளோடு, கையுறை வாங்க அறந்தாங்கிக்கு பஸ் ஏறிவிட்டாராம்.